மாடக்குளக்கீழ் மதுரை

திருக்குட நன்னீராட்டு விழா மண்ணெடுப்பதில் தொடங்குகிறது. வேள்விச்சாலையில் தீ வளர்ப்பதற்கு முன்னரே ஆசாரியர் ஆற்றங்கரை, குளக்கரை, புற்று முதலிய தூய இடங்களுக்குச் சென்று, நிலமகளை வணங்கி, அவள்பால் இசைவு பெற்றுச் சிறிது மண் எடுத்து வருகின்றார். ஆகமங்கள் மிருத்சங்கிரகணம் என்று கூறும் சடங்கு இதுவே. அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு, நவதானிய வித்துக்களைத் தூவி, நீர் தெளித்து முளைப்பிக்கின்றனர். அதன் பின்னரே கும்பங்களில் தீர்த்தம் நிறைகிறது, மறை ஓதப்படுகிறது, கோபுரக் கலசத்தின்மேல் நீர் சொரியப்படுகிறது. மண்ணும் வித்தும் நீரும் நல்லனவாய்க் கிடைத்தாலன்றி இவ்விழா ஓரடியும் நகராது. விழாக் காண வருவோர் பெரும்பாலும் அண்ணாந்து கலசத்தையே நோக்குவர். யானும் அறுபது ஆண்டுகளாக அவ்வாறே நோக்கி வந்தவன்தான். இம்மலரில் எழுதும் வாய்ப்புக் கிடைத்தபோது, ஒருமுறையேனும் குனிந்து நோக்கி, அந்த மண்ணும் நீரும் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாமே எனத் தோன்றிற்று.

மதுரை மாநகருக்குப் பெயர்கள் பல. ஆலவாய் என்பர், கூடல் என்பர், கடம்பவனம் என்பர். இப்பெயர்களுக்கெல்லாம் புராணம் உண்டு, பெருமையும் உண்டு. ஆனால் பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுக்களில் இந்நகரைக் குறிக்க வழங்கும் தொடர் ஒன்று என் நெஞ்சை நெடுநாளாகக் கவர்ந்துள்ளது. ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்பது அத்தொடர். மாடக்குளம் நகரின் தென்மேற்கே இன்றும் உள்ள ஒரு பெருங்கண்மாய். ஒரு குளத்தின் ‘கீழ்’ என்றால், அக்குளத்து மடைவழி நீர் பாயும் நிலம் என்று பொருள். “எந்தக் கண்மாய்க்குக் கீழ் உங்கள் வயல்?” என்று நம் ஊர்களில் இன்றும் கேட்கின்றனர் அல்லவா? முத்துக் குளித்த கொற்கையையும் முத்தமிழ்ச் சங்கத்தையும் உடைமையாகக் கொண்ட பாண்டியர் தம் தலைநகரின் முகவரியைக் கல்லிற் பொறித்தபோது, அரண்மனையைச் சொல்லவில்லை; மதிலைச் சொல்லவில்லை; நீர் தரும் குளத்தைச் சொன்னார்கள். நகரம் குளத்திற்கு உரிமை கொண்டாடவில்லை. குளத்தின்கீழ்த் தான் அடங்கியிருப்பதை ஒப்புக்கொண்டது.

இவ்வடக்கத்திற்குக் காரணம் வைகையின் இயல்பு. வருசநாட்டு மலைகளிற் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் இவ்வாறு, காவிரியைப் போல நெடுநாள் பெருகுவதன்று. மழைக்காலத்தில் சில நாள் இருகரையும் புரள வரும். பின்னர் மணலாய்க் கிடக்கும். வரும் அந்தச் சில நாட்களில் நீரைப் பிடித்து வைப்பவனே ஆண்டு முழுவதும் உண்பான். ஆகவே ஆற்றின் இருபுறமும் கால்கள் வெட்டி, வெள்ளத்தைக் கண்மாய்களுக்குத் திருப்பினர். ஆறு தன் பயணத்தின் முடிவில் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நோக்கிச் செல்கிறது. கடலுக்கு நேரே கொண்டு போய் நீரைக் கொட்டாத ஆறு என்று வைகையைப் பண்டைப் புலவர்கள் புகழ்ந்ததற்கும், அதற்கொரு புராணக் காரணம் கற்பித்ததற்கும் அடிப்படை இதுவே. வழியெல்லாம் கொடுத்துக் கொடுத்துக் கைவெறுமையாய்ப் போகும் வள்ளலின் நிலையே வைகையின் நிலை.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய பாடல் புறநானூற்றில் உளது. மறுமைச் செல்வம் வேண்டுமா, உலகை வெல்லும் வலிமை வேண்டுமா, அழியாப் புகழ் வேண்டுமா என்று அரசனைக் கேட்டு, இம்மூன்றிற்கும் ஒரே வழியாக, நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தடுத்துத் தேக்குமாறு அவர் அறிவுறுத்துகின்றார். போர்வெறி மிக்க இளம்பாண்டியன் ஒருவனிடம், குளம் வெட்டாத அரசன் பெயர் நில்லாது என்று எடுத்துரைக்கும் துணிவு அப்புலவருக்கு இருந்தது. கேட்டுக்கொள்ளும் பொறுமை அவ்வரசனுக்கும் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் அப்பாடல் நம் கைக்கு வந்திராது.

கண்மாய் ஒன்றின் அமைப்பை நகரத்து அன்பர்கள் அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆதலின் சிறிது விரித்துச் சொல்கிறேன். பள்ளத்தை நோக்கிச் சரியும் நிலத்தில், பிறை போன்ற ஒரு கரை. மேலிருந்து நீர் கொண்டு வருவது வரத்துக்கால். கரையின் அடியில் நீரைத் திறந்துவிடுவது மடை. கண்மாய் நிறைந்தபின் மிகுநீர் வழிந்து செல்வது கலிங்கு. ஒரு கண்மாயின் கலிங்கு வழிந்த நீர் அடுத்த கண்மாயின் வரத்தாகிறது. அது நிறைந்து மூன்றாவதற்குச் செல்கிறது. இவ்வாறு சங்கிலி போல் கண்மாய்கள் கோக்கப்பட்டிருத்தலின், மேலூரான் கலிங்கின் மேல் ஒரு முழம் மண்ணைக் கூட்டி உயர்த்தினாற் போதும். கீழூரான் வயல் காய்ந்துபோகும். எனவே கலிங்கின் உயரம் இருசாராரும் ஒப்புக்கொண்ட ஒரு மரபு. அதைத் தொட்டால் வழக்கு எழும். சில வேளை குருதியும் சிந்தும். நீர் குறைந்த ஆண்டில் வயலுக்கு வயல் முறை வைத்துப் பாய்ச்சுவர். இன்னார் வயல், உறவினர் வயல் என்று பாராமல் மடை திறந்து அடைப்பதற்கென நீர்பாய்ச்சி ஒருவர் இருப்பார். அறுவடைக் களத்தில் அவருக்குக் கதிர்க்கட்டு அளக்கப்படும். விளைந்தால் அவருக்கும் உண்டு. விளையாவிடில் அவருக்கும் இல்லை. இதனினும் சிறந்த பொறுப்புணர்ச்சியை எந்தச் சட்டம் உண்டாக்கும்?

கோடையில் கண்மாய் வற்றியதும் உழவர் மாட்டுவண்டி பூட்டி, அடியிற் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு உரமாக இடுவர். வயல் செழிக்கும், கண்மாயும் ஆழமாகும். ஒரே வேலையில் இரு பயன். கரை உடைந்தால் ஊரார் வீட்டுக்கு ஓராளாகத் திரண்டு அடைப்பர். குடிமராமத்து என்பது அதன் பெயர். மானியமாக விடப்பெற்ற ஏரிப்பட்டி நிலங்களின் வருவாய் பராமரிப்புக்கு உதவிற்று. பின்னர் நிலவரி முழுவதும் அரசின் கருவூலத்துக்குச் சென்றது. கண்மாயைக் காக்கும் பொறுப்பு மட்டும் ஊரின் தலையில் நின்றது. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில், வழக்கமான மராமத்து வேலைக்கு வாராதாரைக் கட்டாயப்படுத்தச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். அன்பினால் நடந்ததை ஆணையினால் நடத்த முயன்றால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. ஏறத்தாழ 39,000 ஏரி கண்மாய்களை உடைய தமிழ்நாட்டில் அரசு 2017-ஆம் ஆண்டு குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் திரும்பி வந்தது மகிழ்ச்சியே. வீட்டுக்கு ஓராள் என்னும் வழக்கமும் உடன் வந்ததா என்பது வேறு கேள்வி.

இவற்றிற்கும் திருக்கோயிலுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவார் இருக்கலாம். பாண்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றின் கண்மாய்க் கரையில் நடந்து பாருங்கள். அங்கே ஐயனார் வீற்றிருப்பார்; மடையருகே கருப்பர் நிற்பார். புரவியெடுப்பு விழாவிற்கு நாள் குறித்ததும், ஊரார் முதலில் செய்வது பிடிமண் எடுத்து வேளாரிடம் கொடுப்பதுதான். அம்மண்ணோடு சேர்த்துக் குழைத்த களிமண்ணே குதிரையாகிக் கரைக்குத் திரும்புகிறது. ஆகமக் கோயிலில் மிருத்சங்கிரகணம். ஐயனார் கோயிலில் பிடிமண். வடமொழியும் தமிழும், ஆசாரியரும் வேளாரும் வேறு வேறாயினும் செயல் ஒன்றே. மேலூர்ப் பக்கத்தில் நீர் வற்றும் காலத்தில் ஊரெல்லாம் கூடிக் கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடத்துவதைக் கண்டிருக்கிறேன். குறித்த நாள் வருமுன் எவரும் வலை வீசமாட்டார்; வீசினால் தெய்வக் குற்றம். மீன் பெருகுவதற்கு வேண்டிய காலத்தை இவ்வச்சம் காத்துத் தந்தது. அன்று வெள்ளைத் துணி வீசப்பெற்றதும் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாரும் கண்மாயில் இறங்குவர். கிடைத்தது கிடைத்தவர்க்கு.

பெருங்கோயில்களும் நீர்ப்பணியைத் தம் பணியாகவே கொண்டிருந்தன. திருவேங்கடத்துக் கல்வெட்டுக்கள் இதற்குச் சான்று. விசயநகர வேந்தர் காலத்தில், 15, 16-ஆம் நூற்றாண்டுகளில், அன்பர்கள் திருவேங்கடமுடையானுக்கு அளித்த பொன்னைக் கோயிலார் பேழையில் இட்டுப் பூட்டவில்லை. கோயிலுக்குரிய ஊர்களில் குளமும் காலும் வெட்டச் செலவிட்டனர். அதனால் மிகுதியாக விளைந்த நெல்லிலிருந்து, பொன் தந்தவர் பெயரால் நாள்தோறும் அமுதுபடி நடத்தினர். கொடையாளர் விரும்பியது படையல். கோயில் அதனைக் குளத்தின் வழியாகக் கொடுத்தது. இடையில் எத்தனை உழவர் குடும்பங்கள் உண்டன என்பதைக் கல்வெட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டுவதில்லை.

கடல் கடந்த பாலித் தீவிலும் இவ்வழக்கைக் காணலாம். அங்கே சுபக் என்னும் உழவர் சங்கங்கள் நீர்க்கோயில்களின் வழிகாட்டுதலில் நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த வயல் எப்போது நட வேண்டும், எப்போது தரிசாகக் கிடக்க வேண்டும் என்பது கோயில் நாட்காட்டியால் அறியப்படும். 1970-களில் புதிய நெல் வந்தபோது, அந்த முறையை மூடப்பழக்கம் என்று ஒதுக்கி, அவரவர் விரும்பியபோது பயிர் செய்யத் தூண்டினர். பூச்சி பெருகிற்று; நீர் முறை குலைந்தது; விளைச்சல் சரிந்தது. பின்னர் அறிஞர்கள் ஆய்ந்து, கோயிலின் முறையே தக்கது என்று ஒப்பினர். 2012-ஆம் ஆண்டு அவ்வமைப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது.

இனி, மதுரைக்கு மீள்வோம். இந்நகரில் நீரையும் நிலத்தையும் பற்றிப் பேசப் புகுந்துவிட்டு, பிட்டுக்கு மண் சுமந்த பெருமானை நினையாதிருத்தல் கூடாது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 61-ஆம் படலம். கதையை அறியாதார் இலர். திருவாதவூரர் பொருட்டு வைகை பெருகிக் கரையை உடைத்தது. குடிகள் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு வந்தது. ஆளில்லை, கூலியாள் அமர்த்தப் பொருளும் இல்லை. அழுதாள். ஆலவாய் அண்ணல் அழுக்குத் துணியும் கூடையும் மண்வெட்டியுமாய்க் கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசிக்கொண்டார். உண்டார், ஆடினார், பாடினார், உறங்கினார், பங்கு அடைபடவில்லை. மன்னன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அடித்தவன் முதுகிலும் பட்டது. அரசியர், அமைச்சர், வானோர், கருவிலிருந்த குழந்தை ஈறாக எல்லார் முதுகிலும் பட்டது. பெருமான் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தார், கரை அடைந்தது.

இக்கதையைப் பேசும் சொற்பொழிவாளர்கள் பிரம்படியில் உருகுவர்; வந்தியின் அன்பில் உருகுவர். பங்கு அளந்துவிட்ட கயிற்றைப் பற்றிப் பேசுவார் அரியர். அரசன் ஆணை மேலோட்டமாக நோக்கின் நடுநிலை உடையதே. மாடமாளிகைக்கும் ஒரு பங்கு, குடிசைக்கும் ஒரு பங்கு; எவர்க்கும் விலக்கில்லை. ஆனால் நூறு ஏவலரை உடைய வணிகனுக்கும் ஒருவருமில்லாத மூதாட்டிக்கும் ஒரே நீளக் கரையை அளந்துவிட்டது நேர்மை ஆகுமா? ஒத்த பங்கு வேறு. ஒத்த சுமை வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பிளவில் வந்தி அழுதுகொண்டு நின்றாள். கரையின் உடைப்பை அடைக்க எல்லாரும் வந்தனர். இந்தப் பிளவை அடைக்க இறைவன் வந்தான். அவன் வேலை செய்யாமல் விளையாடியதும் காரணமின்றி அன்று என்றே யான் கருதுகிறேன். அவன் ஒழுங்காக மண் சுமந்திருந்தால், அளந்துவிட்ட முறை சரியே என்று அரசன் எண்ணியிருப்பான். அடைபடாத பங்கே அரசனை ஆற்றங்கரைக்கு வருவித்தது. ஒருவன்மேல் விழும் அடி எல்லார்மேலும் விழும் என்பதை அவன் தன் முதுகினால் உணர்ந்தான். நீரும் நிலமும் பொதுவாயின், அவற்றின் கேட்டினால் வரும் அடியும் பொதுவே.

நம் முன்னோர் நீர்முறை முற்றும் அறமுடையதாக இருந்தது என்று எழுதிவிட்டால் அது உண்மையாகாது. மடை திறந்தவன், கரை காத்தவன், சேற்றில் நின்றவன் பெரும்பாலும் நிலமற்றவன். அவன் கொணர்ந்த நீரில் விளைந்த நெல் திருக்கோயில் மடைப்பள்ளிக்குள் சென்றது. அவன் கோபுர வாயிலுக்கு வெளியே நின்றான். இந்நிலை மாறியது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள். அன்று மதுரை வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட அன்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் சென்றார். சென்றவர்களுள் ஒருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிற் பிறந்த கக்கன். அவர் தந்தையார் ஊர்த் தெய்வத்துக்குப் பூசை செய்தவர். 1957-இல் அந்தக் கக்கனே காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை அமைச்சரானார். 1959 சனவரியில் வைகை அணை திறக்கப்பட்டபோது, அத்துறை அவர் பொறுப்பிலேயே இருந்தது. மலைக்கு மேற்கே வீணாகக் கடலுக்கு ஓடிய பெரியாற்று நீரை மலை குடைந்து இப்பக்கம் திருப்பிய அணை 1895-இல் நிறைவெய்தியது. பேரணையிலிருந்து வரும் கால்வழி அந்நீர் மேலூர் வரை சென்றது. அந்நீரையும் வைகை நீரையும் தேக்கி முறைப்படுத்துவது 1959-இன் அணை. கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவர், அக்கோயில் நகரின் ஆற்றுக்குக் கரை கட்டும் துறைக்குத் தலைவரானார். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கு நீர் திறந்துவிடப்படுவது அந்த அணையிலிருந்துதான். வந்தியின் பங்கை அடைத்தவன் இதனையும் திருவிளையாடல்களுள் ஒன்றாக எண்ணியிருப்பான் போலும்.

நன்மையை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள மனம் இசையவில்லை. 

திருவிளையாடற் புராணத்து 9-ஆம் படலத்தில், மீனாட்சியம்மையின் அன்னையாகிய காஞ்சனமாலை நீராடும் பொருட்டு இறைவன் ஏழு கடல்களையும் மதுரைக்கு அழைத்தான். அவை வந்து கலந்ததாகக் கூறப்படும் குளம் திருக்கோயிலுக்குக் கிழக்கே இருந்தது. அது தூர்ந்தது; அவ்விடத்தில் கடைத்தொகுதி எழுந்தது. எழுகடல் தெரு என்ற பெயர்ப்பலகை மட்டும் எஞ்சியுள்ளது. ஏழு கடலை அழைப்பது இறைவனுக்கு எளிதாயிற்று. ஒரு குளத்தை வைத்துக் காப்பது நமக்கு அரிதாயிற்று. தல்லாகுளத்தின் குளம் இருந்த இடத்தில் மாநகராட்சி மாளிகை நிற்கிறது. உலகனேரிக் கண்மாயில் 2004-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றக் கிளை அமைந்தது. நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு அங்கிருந்து பல ஆணைகள் பிறந்துள்ளன என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். ஆணை பிறந்த இடத்தின் அடியிலும் ஒரு கண்மாய் இருக்கிறது என்பதையும் மறைக்க இயலாது.

கிருதுமால் நதியின் கதை இன்னும் வருத்தம் தருவது. துவரிமான் பக்கத்தில் தோன்றி, மதுரை நகரின் ஊடே சென்று, தெற்கே பல ஊர்க் கண்மாய்களை நிறைத்துக் குண்டாற்றை நோக்கிச் செல்லும் சிற்றாறு அது. கூடலழகர் திருவடிக்கு மாலைபோல் அமைந்த ஆறு என்பது வைணவர் கொள்கை. பாகவத புராணத்தில் கிருதமாலா என்னும் பெயர் தாமிரபரணி, காவிரி ஆகியவற்றோடு சேர்த்து ஓதப்படுகிறது. சத்தியவிரதன் என்னும் அரசன் அவ்வாற்றில் நின்று நீர்க்கடன் செய்ய இரு கையாலும் நீரை அள்ளினான், அக்கைந்நீரில் ஒரு சிறுமீன் இருந்தது, அதுவே மச்சாவதாரம். உலகத்து வித்துக்களையெல்லாம் ஊழி வெள்ளத்தினின்று காத்த பெருமான் முதலில் தோன்றியது நம் ஊர் ஆற்றில். அந்த ஆறு இன்று நகரின் கழிவுநீர்க் கால்வாய். குடமுழுக்கிற்காகக் கங்கை நீர் வருகிறது, காவிரி நீர் வருகிறது. வாசலிலேயே ஓடும் கிருதமாலையிலிருந்து ஒரு குடம் முகந்து வர எந்த ஆசாரியரால் இயலும்? அங்கே இன்று கைந்நீர் அள்ளினால் அதில் மீனும் இராது. கீழே அந்நீரையே நம்பிப் பயிர் செய்த ஊரார் பெறுவது என்ன என்பதை எழுத என் எழுதுகோல் கூசுகிறது. மேலூரான் கலிங்கை உயர்த்திக் கீழூரானைக் கெடுத்த பழைய குற்றத்தையே நகரம் வேறு வகையில் செய்கிறது. அன்று நீர் போகாமல் தடுத்தோம். இன்று போகத்தகாத நீரை அனுப்புகிறோம்.

எனினும், முழுதும் இழந்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன். மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி என்றோர் ஊர் உளது. ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசு கணக்கிட்டுள்ளது. பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன்கோயில் ஒன்றும், அதனினும் பழைய தமிழிக் கல்வெட்டும் அக்குன்றுகளில் உள்ளன. மலைமீது பெய்த மழை சுனையில் தங்கிக் கண்மாய்க்கு இறங்கி வயலுக்குச் செல்லும் ஒழுங்கு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022 நவம்பர் 22-ஆம் நாள் அரிட்டாபட்டியையும் அடுத்த மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 193 எக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஈராண்டு கழித்து, 2024 நவம்பரில், அவ்வூரையும் உள்ளடக்கிய 2,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் வெட்டியெடுக்கும் உரிமையை ஒன்றிய அரசு ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு அளித்தது. ஊர்கள் திரண்டன. கிராம சபைகள் தீர்மானம் இயற்றின; டிசம்பர் 9-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் இயற்றிற்று. 2025 சனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து உழவரும் மகளிரும் முதியோரும் மதுரையை நோக்கி நடந்து வந்தனர். சனவரி 23-இல் அவ்வேலம் கைவிடப்பட்டது.

அந்நடைப்பயணத்தில் வந்த மூதாட்டியர் சிலரை யான் சாலையோரம் நின்று பார்த்தேன். தும்பைப்பட்டியும் திருவாதவூரும் அதே மேலூர் வட்டத்து ஊர்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கனிமம் நாட்டுக்கு வேண்டாவா என்று என்னோடு நின்ற நண்பர் கேட்டார். வேண்டும்தான். ஆனால் ஒரு தலைமுறை எடுத்துத் தீர்க்கும் பொருளுக்காக, ஆயிரம் ஆண்டு நிறைந்து வடிந்து நிறைந்த கண்மாயை விலையாகக் கொடுக்கச் சொல்லும்போது, அவ்விலையைச் செலுத்துபவள் வந்தியாகவே இருக்கிறாள். பயன் பெறுவோர் பங்கு எந்தக் கயிற்றால் அளக்கப்பட்டது என்று கேட்டேன். நண்பர் விடை சொல்லவில்லை. தேநீர் வாங்கித் தந்தார்.

வண்டியூர்த் தெப்பக்குளத்தைப் பற்றியும் ஒரு சொல். திருமலை நாயக்கர் 1645-இல் அமைத்த அக்குளத்திலிருந்து எடுத்த மண் அரண்மனைக்குச் செங்கல்லாயிற்று என்றும், அங்குத் தோண்டியபோதே முக்குறுணி விநாயகர் வெளிப்பட்டார் என்றும் செவிவழி வழங்கும். குளம் வெட்டினால் வீடும் கிடைக்கும், தெய்வமும் கிடைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. வைகையிலிருந்து பனையூர்க் கால்வழி நீர் வந்த அக்குளம், கால் அடைபட்டமையால் ஆண்டுக்கணக்கில் வறண்டு, சிறுவர் பந்தாடும் திடலாயிற்று. தைத் தெப்பத்திற்கு மட்டும் நீர் இறைத்து நிரப்பினர். அண்மை ஆண்டுகளில் வைகை நீர் மீண்டும் குளத்துக்கு வர வழி செய்யப்பட்டது. அதன்பின் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் நீர் ஏறியதை அங்குள்ளோர் சொல்லக் கேட்டேன். பெருங்குளம் ஒன்றைக் கெடுத்தது அடைபட்ட கால். மீட்டது திறந்த கால்.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் திருக்கோயிலின் திருக்குளமும் வறண்டே கிடக்கிறது. இத்திருப்பணியில் கோபுரம் புதுப்பொலிவு பெற்றது. கலசங்கள் பொன்முலாம் பெற்றன. மண்டபத் தளம் புதிதாயிற்று. கொடையாளர் பெயர்களெல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. குளத்தின் படிகளையும் செப்பனிட்டோம். ஆனால் நீர் வரும் வழியைச் செப்பனிடவில்லை. கண்மாயிலிருந்து வரும் வரத்துக்கால் முக்கால் மைல் தொலைவுக்கு முட்செடி மண்டித் தூர்ந்து கிடக்கிறது. இரண்டு இடங்களில் வேலி உள்ளே வந்துவிட்டது. அவ்விருவரும் அன்பர்களே, திருப்பணிக்குப் பொருள் தந்தவர்களே. அவர்கள் வீட்டுக்குச் சென்று பேசினோம். ஒருவர் அன்றே இசைந்தார். மற்றவர், மண்டலாபிஷேகம் முடியட்டும் என்றார்.

நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம் நிறைவுறும் நாளுக்கு மறுநாள் விடியற்காலையில், அவ்வரத்துக்காலின் தலைமடையில் தூரெடுக்கும் பணி தொடங்கும். வீட்டுக்கு ஓராள் வரலாம்; வர இயலாதார் வீட்டுப் பங்கை வலிமையுடைய வீட்டார் ஏற்றுக்கொள்வதாகத் திருப்பணிக் குழுவில் முடிவு செய்துள்ளோம். மண்வெட்டியும் கூடையும் கோயிலிலேயே கிடைக்கும். பணி செய்வார்க்குக் காலையில் பிட்டு வழங்கப்பெறும்.